குரங்கின் கண்ணும் நம்முடைய சிவப்பும்

நிறத்தை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்று இன்றைக்குப் பாடநூல்களில் இருக்கும் விவரங்களில் பெரும்பகுதி மனிதக் கண்ணிலிருந்து வந்ததல்ல, குரங்கின் கண்ணிலிருந்து வந்தது. அதுவும் ஏதோ தூரதேசத்துக் குரங்கு இல்லை. ஸ்கூடாய் பக்கம் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, ரொட்டிப் பாக்கெட்டோடு மதில்மேல் உட்கார்ந்து நம்மையே முறைக்குமே, அந்தக் கெராவின் இனமும் அதில் ஒன்று.

மலாயில் கெரா. தமிழில் நீள்வால் குரங்கு என்று எழுதுகிறோம், பேசும்போது வெறும் குரங்குதான். அறிவியல் பெயர் மக்காக்கா ஃபாசிக்குலாரிஸ். அதை 1821-இல் வைத்தவர், பாலத்துக்கு அந்தப் பக்கம் சிலையாக நிற்கும் அதே ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ். ஆய்வுக்கூடங்களில் அதற்கு இன்னொரு பெயர்: சைனோமோல்கஸ். பார்வை நரம்பியலில் அதிகம் பயன்பட்ட மூன்று மக்காக் இனங்கள் ரீசஸ், இந்தக் கெரா, பெரோக். கெலந்தானில் தேங்காய் பறிக்கப் பழக்குவார்களே, அதுதான் பெரோக். மூன்றில் இரண்டு ஜொகூர் காட்டில் இருக்கின்றன. யூடிஎம்மில் படித்த நான்கு வருடமும் கெராக்களோடுதான் வாழ்ந்தேன் என்று சொல்லலாம். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

என் வேலை நிறம் சம்பந்தப்பட்டது. தொழிற்சாலையில் கன்வேயரில் ஓடும் பொருளைக் கேமரா பார்த்து, இது சரி இது ரிஜெக்ட் என்று பிரிக்கும் இயந்திரங்களை அமைக்கிறோம். கேமராவுக்குச் சிவப்பு என்றால் என்ன என்று ஒவ்வொரு முறையும் நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்படிச் சொல்லிக்கொடுத்து அலுத்துப்போய், நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தேடப் போனதில்தான் விழித்திரைக்குள் நுழைந்தேன்.

விழித்திரையில் ஒளியை வாங்குவது கூம்பு செல்கள். நமக்கு மூன்று வகை. ஒன்று 420 நானோமீட்டர் அருகே, ஒன்று 530, ஒன்று 560 அருகே அதிகம் தூண்டப்படும். நீலக் கூம்பு, பச்சைக் கூம்பு, சிவப்புக் கூம்பு என்று பள்ளியில் சொல்லிவிடுகிறார்கள். அது தப்பான பெயர். ஒரு கூம்பு செல்லுக்கு நிறம் தெரியாது. அது போட்டான்களை எண்ணுகிறது, அவ்வளவுதான். மங்கலான சிவப்பு வெளிச்சமா, பளிச்சென்ற பச்சையா என்று அதனிடம் கேட்டால் இரண்டுக்கும் ஒரே எண்ணைச் சொல்லக்கூடும். 530-க்கும் 560-க்கும் உள்ள வித்தியாசமும் கொஞ்சம்தான். இரண்டின் மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி ஒட்டி நிற்கின்றன, ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. மூன்று நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே மரபணு இரண்டாகப் பிரதியாகிப் பிரிந்தது என்கிறார்கள். நமக்கும் கெராவுக்கும் பொதுவான மூதாதையிடம் நடந்த விஷயம் அது.

நிறம் தொடங்குவது எண்ணுவதில் இல்லை, கழிப்பதில். அந்தக் கழித்தலின் விடையை மூளைக்கு அனுப்புவதுதான் கேங்ளியான் செல். விழித்திரையின் கடைசி அடுக்கு அது. அதன் வால்கள் சேர்ந்துதான் பார்வை நரம்பு. பத்துக் கோடிக்கு மேல் ஒளி வாங்கும் செல்கள் இருக்கும் கண்ணிலிருந்து வெளியே போகும் கம்பிகள் சுமார் பத்து லட்சம். இந்த நெருக்கடியில் எல்லாரையும் அப்படியே அனுப்ப முடியாது.

ஆகவே கண் ஒரு வேலை செய்கிறது. 560-ஐயும் 530-ஐயும் கூட்டி ஒரு சிக்னல்: அது வெளிச்சம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து இன்னொன்று: நாம் சிவப்பு-பச்சை என்று சொல்லும் வழி. 420-இலிருந்து மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைக் கழித்து மூன்றாவது: நீலம்-மஞ்சள் வழி. வீடியோ சம்பந்தமாக வேலை செய்த எவருக்கும் இதைக் கேட்டதும் சிரிப்பு வரும். ஒய், சிபி, சிஆர். ஒரு வெளிச்சம், இரண்டு வித்தியாசம். மலேசியாவில் 1978-இல் டிவிக்கு நிறம் வந்தபோது அந்தச் சிக்னலும் இதே மாதிரி கூட்டல் ஒன்று, கழித்தல் இரண்டு என்றுதான் வந்தது. பொறியாளர்கள் கண்ணைப் பார்த்துக் காப்பியடிக்கவில்லை. ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்த சிக்னல்களைக் குறுகிய வழியில் அனுப்பினால் இதுதான் சிக்கனம். கணக்கு இரண்டு பேரையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விட்டது.

கண்ணில் இதை எந்தெந்தச் செல் செய்கிறது என்பதுதான் குரங்கிடமிருந்து தெரிந்துகொண்டது. கேங்ளியான் செல்களில் பெரும்பான்மை மிட்ஜெட் எனப்படும் குட்டிச் செல்கள். பார்வையின் நடு மையத்தில் ஒரு குட்டிச் செல்லுக்கு ஒரே ஒரு கூம்புதான் முதலாளி. அந்தக் கூம்பைச் சுற்றியிருக்கும் மற்ற கூம்புகளின் சராசரியை அது கழித்துக்கொள்கிறது. ஓரங்களைக் கூர்மையாகப் பார்க்க உருவான ஏற்பாடு இது. ஆனால் நடுவில் இருப்பது 560 வகையாகவும் சுற்றிலும் இரண்டும் கலந்தும் இருந்தால், கழித்த விடையில் தானாகவே நிறத் தகவலும் வந்துவிடும். நிறத்துக்கென்று தனியாக யாரும் வயரிங் செய்யத் தேவையில்லை. சிவப்பு நமக்கு ஓசியில் கிடைத்தது என்று சொல்பவர்கள் உண்டு. இல்லை, இணைப்பில் கொஞ்சம் தேர்வும் இருக்கிறது என்று 2010-இல் மக்காக் விழித்திரையில் கூம்பு கூம்பாகத் தொடர்பை வரைந்து காட்டியவர்களும் உண்டு. எனக்கு ஓசிக் கட்சி பிடித்திருக்கிறது. பிடித்திருப்பது ஆதாரம் ஆகாது.

குடை போல விரியும் பாராசோல் செல்கள் கூட்டல் வேலையைப் பார்க்கின்றன, நிறம் பற்றி அவற்றுக்கு அக்கறை இல்லை. நீலத்துக்கு மட்டும் தனி ஆள் இருக்கிறது. இரண்டு அடுக்கில் கிளை பரப்பும் சிறிய செல் அது. ஒரு அடுக்கில் நீலக் கூம்பின் ஆமாம், இன்னொரு அடுக்கில் மற்ற இரண்டின் இல்லை. 1994-இல் டென்னிஸ் டேசியும் பாரி லீயும் மக்காக் விழித்திரையைத் தட்டில் உயிரோடு வைத்து, அந்தச் செல்லின் உருவத்தையும் அது சொல்லும் பதிலையும் சேர்த்தே காட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் வேர் விட்ட கொத்துமல்லி மாதிரி அழகாக இருக்கிறது.

தட்டில் உயிரோடு. இந்த இடத்தில்தான் எனக்குப் படிப்பு நின்றது.

விழித்திரையைத் தட்டில் வைக்க வேண்டுமென்றால் கண்ணை எடுக்க வேண்டும். கண்ணை எடுப்பதற்கு முன் அந்தக் குரங்கை மயக்கத்திலேயே கொன்றிருப்பார்கள். கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் பெரும்பாலும் ஒரே வரியில் வரும் செய்தி இது. பல கட்டுரைகளில் இன்னொன்றும் வரும்: இந்தக் குரங்குகள் வேறு ஆய்வாளர்கள் வேறு சோதனைகளுக்குப் பயன்படுத்தியவை, அவை முடிந்தபின் விழித்திரையை நாங்கள் பெற்றுக்கொண்டோம். ஒன்றை வீணாக்காமல் இருப்பது நல்லதுதானே. திருக்குறளில் புலால் மறுத்தல் அதிகாரம் படித்தவர்களுக்கு அந்த வரியில் ஒரு சின்ன உறுத்தல் வரும். கொல்பவனைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகவில்லை வள்ளுவர். தின்பதற்காக வாங்குகிறவன் இல்லையென்றால் விற்கிறவன் ஏது என்று வாங்குகிறவனைத்தான் திரும்பிப் பார்க்கிறார். ஆனால் மிச்சத்தை வாங்குகிறவன் அந்தக் கணக்கில் எங்கே வருகிறான்? அவனுக்காக ஒரு குரங்குகூட அதிகமாகச் சாகவில்லை என்றால், அவனால் பக்கத்து அறையில் இன்னொரு குரங்கு மிச்சமானது என்றுகூட வாதாடலாம். இந்த விஷயத்தில் நான் ஆய்வாளர்கள் பக்கம்தான் சாய்கிறேன். உறுத்தல் மட்டும் போகவில்லை.

பெரிய கேள்வி வேறு. குரங்கின் கண்ணை வைத்து மனிதனின் நிறப்பார்வையைப் பேச முடியும் என்று எப்படித் தெரிந்தது? சும்மா நம்பிவிடவில்லை. ரஸ்ஸல் டி வலாய்ஸ் என்ற அமெரிக்கரின் குழு 1966-இல், கேங்ளியான் செல்கள் செய்தி கொண்டுபோய்ச் சேர்க்கும் அடுத்த நிலையமான மூளைப் பகுதியில், ஒரு நிறத்துக்கு ஆமாம் அதன் எதிர் நிறத்துக்கு இல்லை என்று பதில் சொல்லும் செல்களை வகை பிரித்தது. அந்தக் கட்டுரையில் குரங்கின் பெயர் மக்காக்கா ஐரஸ் என்றிருக்கும். கெராவின் பழைய பெயர் அது. பிறகு 1974-இல் அதே குழு மக்காக்குகளையும் மனிதர்களையும் ஒரே மாதிரிப் பரிசோதித்தது. இந்த வெளிச்சமும் அந்த வெளிச்சமும் ஒன்றா வேறா என்று தேர்வு செய்ய வைத்துப் பார்த்ததில், குரங்கும் மனிதனும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் வித்தியாசம் கண்டார்கள்.

இப்போது இதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். நமக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அந்த விலங்கு ஆய்வுக்குப் பயன்படும். எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அதன்மேல் கை வைக்கக் கூசும். பயனும் கூச்சமும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. விலங்குச் சோதனை பற்றிப் பேசுகிறவர்கள் பல காலமாகச் சொல்வதுதான் இது. நிறத்தின் விஷயத்தில் அது இன்னும் இறுகிப்போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இதயத்தையோ சிறுநீரகத்தையோ ஆராய்ந்தால் அது ஒரு பம்ப், ஒரு வடிகட்டி என்று சொல்லி நகர்ந்துவிடலாம். நிறம் என்பது அனுபவம். குரங்குக்குச் சிவப்பு என்ற அனுபவம் உண்டா என்று யாருக்குத் தெரியும், அது வெறும் எதிர்வினையாக இருக்கலாமே என்று ஒருவர் சொன்னால், சரி, அப்படியானால் அதன் கண்ணைத் திறந்து என்னுடைய சிவப்பைப் பற்றி நீங்கள் கண்டுபிடித்தது என்ன? என்னுடைய சிவப்பைத்தான் கண்டுபிடித்தேன் என்றால், அதற்கும் சிவப்பு இருக்கிறது என்று பாதிக்குமேல் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் மாமாக் கடையில் இதைச் சொன்னபோது அவர் உடனே மடக்கினார். "நம்ம கேமராவும்தான் கழிச்சுப் பாக்குது. அதுக்கும் அனுபவம் இருக்கா? வயரிங் ஒண்ணா இருந்தா எல்லாம் ஒண்ணாயிடுமா பாஸ்?" நியாயமான அடி. உண்மையிலேயே விழித்திரைக்காரர்கள் யாரும் சிவப்பு உணர்வைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லவில்லை. கேங்ளியான் செல்களின் இரண்டு கழித்தல் அச்சுகளும் நாம் மனதில் வைத்திருக்கும் சுத்தமான சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சளோடு சரியாகப் பொருந்துவதுகூட இல்லை. நீலம்-மஞ்சள் வழி என்று சொல்வதன் இரண்டு முனைகளும் உண்மையில் கத்தரிப்பூ நிறமும் எலுமிச்சைப் பச்சையும். ஆகவே சிவப்பு விழித்திரையில் இல்லை. மேலே எங்கேயோ இருக்கிறது. கம்பிக்கு உணர்வு கிடையாது, நண்பர் சொன்னது சரி.

ஆனால் கெரா வெறும் கம்பி இல்லை. கேமரா ரிஜெக்ட் செய்த பொருளைப் பார்த்து அதற்கு வருத்தமும் இல்லை, ஆசையும் இல்லை. கெரா ரம்புத்தான் மரத்தில் பச்சைக்காயை விட்டுவிட்டுப் பழுத்ததைத் தேடிக் கையை நீட்டுகிறது. இந்த மூன்றாவது கூம்பு நமக்கு வந்ததே பழம் தேடத்தான் என்று கிராண்ட் ஆலன் 1879-இலேயே எழுதினார். பழம் இல்லை, செந்தளிர் தேடத்தான் என்று 2001-இல் உகாண்டாவின் கிபாலே காட்டில் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். மாமரத்தின் செம்புநிறக் கொழுந்தைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவதும் நம்பும்படியாகத்தான் இருக்கும். தமிழில் பச்சை என்றால் நிறமும்தான், வேகாததும் பழுக்காததும்தான். பழுப்பு என்ற நிறத்துக்குள்ளேயே பழுத்தல் இருக்கிறது. நம் மொழி நிறத்தைச் சுவைத்துப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறது. அந்தச் சுவை அந்தக் குரங்குக்கும் உண்டு. வாசனை பிடித்து, அழுத்திப் பார்த்து, ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுக்கிறதே, அதை எதிர்வினை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவும் புத்தகப் பேச்சாகவே இருந்திருக்கும், அம்மாவுக்குக் கண்ணில் பிரஷர் என்று டாக்டர் சொல்லாமல் இருந்திருந்தால்.

கிளாகோமா என்பது கேங்ளியான் செல்கள் சாகும் நோய். நான் மேலே வர்ணித்த அதே செல்கள். வலிக்காது. ஓரத்திலிருந்து பார்வை போகும், மூளை அந்த ஓட்டையை நிரப்பி மறைத்துவிடும். செத்த செல் திரும்பி வராது. அம்மாவுக்குத் தினமும் இரவில் ஒரு சொட்டு, லத்தனோப்ரோஸ்ட். திறக்காத பாட்டில் ஃபிரிட்ஜில் சம்பால் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். 1996-இல் விற்பனைக்கு வந்த மருந்து. அதன் துண்டுச்சீட்டில், நாளடைவில் விழியின் நிறம் கருமையாகலாம், அது மாறாது என்று எச்சரிக்கை இருக்கிறது. மருந்தை நீண்ட நாள் செலுத்திப் பார்த்த சோதனைகளில் இந்த நிறமாற்றம் சைனோமோல்கஸ் குரங்குகளின் கண்ணில் தெரிந்தது. அதாவது கெரா.

அம்மா கெராவை வாசலில் பார்த்தால் துடைப்பத்தோடு ஓடுவார். அதே மூச்சில் "ஆஞ்சநேயா, போயிருப்பா" என்பார். ஒருநாள் சொட்டு போட்டுவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது நான் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுக்கு யாரு சொட்டு போட்டா?" என்று கேட்டார். புரியவில்லை. "இல்லடா, அதுக்குக் கண்ணு போச்சுன்னா யாரு பாத்தா?" யாரும் இல்லை அம்மா. "ம்" என்றார். மறுநாளும் துடைப்பத்தோடுதான் ஓடினார்.

இந்த மருந்தை வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, சொல்லவும் மாட்டேன். அம்மாவின் பார்வையா ஒரு குரங்கா என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். ஆனால் கேள்வி அப்படி வருவதில்லை. வாங்கும்போது அது ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. நமக்கு முன்னால் இருப்பது பழைய கணக்கு இல்லை, அடுத்த கணக்கு.

அடுத்த கணக்கில் இந்த வட்டாரத்துக்குப் பங்கு உண்டு. 1950-களில் போலியோ தடுப்பூசிக்காக இந்தியாவிலிருந்து லட்சக்கணக்கில் ரீசஸ் குரங்குகள் அமெரிக்காவுக்குப் போயின. 1978-இல் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. பிற்பாடு உலகத்தின் பார்வை தென்கிழக்காசியக் கெராவின் பக்கம் திரும்பியது. மலேசியா 1984-இல் தடை போட்டது, நகரத்தில் குரங்குத் தொல்லை என்று 2007-இல் தடையை எடுத்தது, எதிர்ப்பு கிளம்பியதும் 2008-இல் மறுபடி போட்டது. தொல்லை தரும் குரங்கு ஏற்றுமதிச் சரக்காக மாற ஓர் அறிவிப்பு போதுமாக இருந்தது. 2022-இல் ஐயூசிஎன் கெராவை அழியும் அபாயத்தில் உள்ள இனமாக அறிவித்தது. வாசலில் பத்து நிற்கும்போது யாருக்கு நம்பிக்கை வரும்? காடு போன இடத்தில் மிச்சமெல்லாம் நம் ரோட்டோரத்தில் வந்து நிற்பதால் நிறைய இருப்பது போலத் தெரிகிறது.

குரங்கைத் திறக்காமல் அதனிடம் கேட்டே தெரிந்துகொண்ட நிறமும் உண்டு. ஜே நைட்ஸ், மௌரீன் நைட்ஸ் தம்பதியின் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வு அது. அணில் குரங்கில் ஆண்களுக்கு இரண்டு கூம்புதான், சிவப்பு-பச்சை பிரித்துத் தெரியாது. டால்ட்டன், சாம் என்று இரண்டு. நிறக்குருடு பற்றி முதலில் எழுதிய ஜான் டால்ட்டனின் பெயரைத்தான் ஒன்றுக்கு வைத்தார்கள். திரையைச் சரியாகத் தொட்டால் திராட்சைச் சாறு. கண்ணுக்குள் மனித மரபணு ஒன்றை ஊசியில் செலுத்தி, சில மாதம் பொறுத்துப் பார்த்தால், அதுவரை தெரியாத புள்ளிகளை இரண்டும் தொட ஆரம்பித்தன. வளர்ந்த மூளை புதிய சிக்னலை ஏற்றுக்கொண்டது. கண்ணில் ஊசி போட்டதும் கூண்டில் வைத்ததும் சாதாரணம் இல்லைதான். ஆனால் அங்கே விடை சொன்னது செல் அல்ல, டால்ட்டனும் சாமும். பெயர் வைத்ததில் ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறேன். தட்டில் வைத்த விழித்திரைக்கு யாரும் பெயர் வைப்பதில்லை.

இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. 2022-இல் யூட்டா பல்கலைக்கழகத்தின் ஃபிரான்ஸ் வின்பெர்கும் கூட்டாளிகளும், உறுப்புதானம் செய்து இறந்தவர்களின் கண்களை ஆக்ஸிஜன் தந்து காப்பாற்றி எடுத்தால், விழித்திரை ஒளிக்கு மறுபடி பதில் சொல்கிறது என்று காட்டினார்கள். இறந்து ஐந்து மணி நேரம் வரைக்கும்கூடச் செல்கள் ஒளியை உணர்ந்தன. மனிதனின் நிறப்பார்வையை மனித விழித்திரையிலேயே, அதுவும் சம்மதம் கொடுத்தவரின் விழித்திரையில் பார்க்கலாம். எல்லாச் சோதனைக்கும் இது ஈடாகாது. நாள்கணக்கில் ஒரு மருந்து என்ன செய்கிறது என்று இறந்த கண் சொல்லாது. ஆனால் எந்தச் செல் எதைக் கழிக்கிறது என்ற என் கேள்விக்கு இது போதும். குரங்கால் சம்மதம் தர முடியாது, என்னால் முடியும் என்பது எனக்கும் அதற்கும் உள்ள வித்தியாசங்களில் ஒன்று. அந்த வித்தியாசத்தை இதுவரை நாம் அதற்கு எதிராகத்தான் பயன்படுத்தியிருக்கிறோம்.

நான் என் பெயரை உறுப்புதானத்துக்குப் பதிந்துவிட்டேன். அம்மாவிடம் கேட்டேன்.

"கெட்டுப்போன கண்ணு யாருக்குடா ஆகும்?"

நோய் வந்த கண்தான் ஆய்வுக்கு அதிகம் உதவும் என்றேன். கண்ணப்ப நாயனார் இரண்டு கண்ணையும் கொடுக்கத் துணிந்தாரே என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"ஒண்ணுதான் கொடுத்தாரு. ரெண்டாவதுக்கு முன்னாடி சாமி கையப் புடிச்சிருச்சு. அவரு சாமிக்குக் கொடுத்தாரு, நீ கொரங்குக்குப் பதிலா கொடுக்கச் சொல்ற." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். மாமா மாசாயில் இருக்கிறார். தீபாவளிக்கு வருவார்.